கனத்த வண்ணம் கீழிறங்கும்போது

1936-இல் மெக்சிகோ ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிகெய்ரோஸ் நியூயார்க்கில் ஓர் ஓவியப் பட்டறை தொடங்கினார். 'சோதனைப் பட்டறை' என்பதே அதன் பெயர். கார்களுக்கு அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டும் ஸ்பிரே கன்னும் அங்கே ஓவியரின் கருவிகளாயின.

பலகையைப் படுக்கையாக வைத்து ஒரு வண்ணத்தை ஊற்றுவார்கள். அது காயும் முன்பே மேலே இன்னொன்றை ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் மேல்வண்ணம் தானாகவே பிளந்து, அடிவண்ணம் புள்ளிகளாகவும் வலைப்பின்னலாகவும் எழும்பிவரும். சிகெய்ரோஸ் இதை விபத்து என்றே அழைத்தார். அந்த விபத்தைத் தேடித்தேடி வரவழைத்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அவரது 'கூட்டுத் தற்கொலை' ஓவியத்தில் அதன் தடங்களைக் காணலாம்.

இந்த விபத்து எப்படி நிகழ்கிறது? கலை வரலாற்று ஆய்வாளர் சாண்ட்ரா செடினா, இயற்பியலாளர் ராபர்ட்டோ செனிட் உள்ளிட்ட மெக்சிகோ குழு ஒன்று அதே முறையை ஆய்வகத்தில் செய்துபார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டது. கறுப்பின் மேல் வெள்ளையை ஊற்றினால் கோலங்கள் விழுந்தன. வெள்ளையின் மேல் கறுப்பை ஊற்றினால் எதுவும் நடக்கவில்லை. அவர்கள் பயன்படுத்திய வெள்ளை, கறுப்பைவிட அடர்த்தி மிகுந்தது என்பதே காரணம்.

கனமான திரவம் லேசான திரவத்தின் மேல் நிலையாக நிற்க முடியாது. கவிழ்த்த டம்ளரை நினைத்துப் பாருங்கள். காற்றழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு நீரைத் தாங்க வல்லது. ஆனாலும் டம்ளர் நீர் கொட்டிவிடுகிறது. நீர்ப்பரப்பில் எழும் மிகச் சிறு நெளிவையும் புவியீர்ப்பு பெரிதாக்கிவிடுவதால், நீர் ஒரு பக்கம் இறங்க, காற்று மறுபக்கம் ஏறுகிறது. இயற்பியலாளர்கள் ரேலி 1883-இலும் ஜி.ஐ. டெய்லர் 1950-இலும் ஆராய்ந்த இதற்கு 'ரேலி–டெய்லர் நிலையின்மை' என்று பெயர். வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவின் இழைகளும் இதனால்தான் உருவாயின என்று வானியலாளர்கள் விளக்குகிறார்கள்.

பலகையில் எந்தப் புள்ளி எங்கே தோன்றும் என்பதை ஓவியர் தீர்மானிக்க முடியாது. ஆனால் புள்ளிகள் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு விரைவாக வளரும் என்பது வண்ணங்களின் அடர்த்தி வேறுபாடு, பாகுநிலை, ஊற்றிய தடிமன் ஆகியவற்றைப் பொறுத்தது. அவையெல்லாம் ஓவியரின் கையில் இருக்கின்றன.

அந்தப் பட்டறையில் பங்கேற்ற 24 வயது இளைஞர் ஜாக்சன் பொல்லாக், பிற்காலத்தில் தரையில் விரித்த துணியில் வண்ணத்தை ஒழுகவிட்டுப் புகழ்பெற்றார். பாகு போன்ற திரவத்தை மெதுவாக ஊற்றினால் அது விழும் இடத்தில் சுருண்டுகொள்ளும். பொல்லாக்கின் கை அந்தச் சுருளைத் தவிர்க்கும் வேகத்திலும் உயரத்திலும் இயங்கியது என்று செனிட் குழுவின் 2019 ஆய்வு காட்டியது.

சிகெய்ரோஸ் ஒரு நிலையின்மையை வரவேற்றார். பொல்லாக் இன்னொன்றை விலக்கினார். சமன்பாடு எழுதாமலே, திரவம் எப்போது கட்டுக்குள் நிற்கும், எப்போது மீறும் என்பதை இருவரும் கைப்பழக்கத்தில் கற்றிருந்தார்கள். தற்செயலுக்கு இடம் கொடுப்பவருக்குத்தான் பொருளின் குணம் இன்னும் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும்.