பிடி அரிசி

மடியில் தொடங்கும் ஜெபம் – 8

போன வாரம் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம், எந்த மனப்பாட வசனத்தாலும் என்னால் பதில் சொல்ல முடியாமல்போன ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மாமனாரை அடக்கம் பண்ணிய மூன்றாம் நாள். உறவுக்கூட்டம் கலைந்து வீடு அமைதியாகிவிட்டது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து வயது மகள் வந்து சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எம்மா, தாத்தா பரலோகம் போயிட்டாங்கன்னு சொன்னிய. அப்போ பெட்டிக்குள்ள வச்சு மூடுனது யார?"

ஞாயிறு பள்ளியில் ஏழு வருஷம் பாடம் எடுத்தவள் நான். சரீரம், ஆத்துமா, உயிர்த்தெழுதல் என்று பெரியவர்களிடம் பேச வார்த்தை உண்டு. அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. "போய் விளையாடு, பிறகு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவள் கண்ணை மூடவே இல்லை. தாத்தாவின் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலி இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

சனிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். போகக் கூச்சமாக இருந்தது, போனேன். பாட்டு, வேதபாடம், ஜெபக் குறிப்பு எல்லாம் முடிந்து காப்பி தம்ளர் கைக்கு வருகிற நேரம் ஒன்று உண்டே, அதுதான் எனக்குச் சங்கம். பக்கத்தில் இருந்த அக்கா நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"தெரியலன்னு சொல்லேன், பிள்ள. அவளுக்குத் தாத்தாவத் தேடுது. உனக்கும் தேடுதுல்லா? அதச் சொல்லு மொதல்ல" என்றார்.

எதிரே இருந்த இளம் தாய் ஒருத்தி இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சீக்காய்க் கிடந்த நாய்க்குட்டிக்காக அவள் மகன் தினமும் முழங்காலில் நின்று ஜெபித்தானாம். குட்டி செத்துப்போயிற்று. "நான் சத்தமா ஜெபம் பண்ணாததாலயா?" என்று கேட்டானாம். இதைச் சொல்லும்போதே அவளுக்குத் தொண்டை அடைத்தது. பத்து நிமிடத்துக்குள் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரிடமிருந்தும் ஐந்து கேள்விகள் வந்துவிட்டன. ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவை.

இப்படித் தாய்மார் கூடி உட்காருவதை நினைக்கும்போது எனக்கு இன்னொரு தாயின் கதை ஞாபகம் வரும். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஓல்டு ஆல்ரஸ்ஃபோர்டு என்று ஒரு சிற்றூர். அங்கே குருவானவராக இருந்த ஜார்ஜ் சம்னரின் மனைவி மேரி. எங்கள் நெல்லைச் சபைகளில் குருவானவரை 'ஐயர்' என்போம், அவர் மனைவியை 'ஐயரம்மா' என்போம். அந்தக் கணக்கில் மேரி அந்த ஊர் ஐயரம்மா. முதல் பிள்ளையை மடியில் வாங்கியபோது, இந்த உயிரைக் கடவுளுக்குள் வளர்ப்பது என் பொறுப்பா என்று அவர் மலைத்துப்போனார். வருஷங்கள் கழித்து மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது பழைய மலைப்பு திரும்ப வந்தது. தன் மகளும் இதைத் தனியாகச் சுமக்க வேண்டுமா? 1876-இல் ஊர்த் தாய்மாரைத் தன் வீட்டுக்கு அழைத்தார். பெரிய வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை ஆயாக்களிடம் விட்டிருந்த காலம் அது. ஏழைப் பெண்களுக்கோ வேலையே நாளைத் தின்றுவிடும். இரண்டு தரப்பாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தார்.

ஆனால் அன்று அவரால் பேச முடியவில்லை. பயத்தில் வாய் எழும்பவில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் அவர்களும் வந்தார்கள், அவரும் பேசினார். 1885-இல் போர்ட்ஸ்மவுத்தில் நடந்த சபை மாநாட்டில், உழைக்கும் பெண்கள் நிறைந்த கூட்டத்தில் பேசும்படி நியூகாசில் பேராயர் அவரைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சுக்குப் பிறகு, அவர் தொடங்கிய 'தாய்மார் சங்கம்' மறைமாவட்டம் மறைமாவட்டமாகப் பரவியது. மேரி 1921 வரை வாழ்ந்து அதைப் பார்த்தார். இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். எனக்கு அந்த 40 லட்சத்தைவிட, அவர் பேச முடியாமல் நின்ற முதல் நாள்தான் பெரிதாகத் தெரிகிறது. திரும்ப வந்தார்களே அந்த ஊர்த் தாய்மார், அவர்களுக்கும் அதே மலைப்பு இருந்திருக்கும்.

சங்கக் கூட்டம் முடிந்த அந்தச் சனிக்கிழமை ராத்திரியே என் மகளிடம் சொன்னேன்: "அம்மைக்கும் முழுசாத் தெரியலட்டி. ஆனா எனக்கும் தாத்தாவத் தேடுது." அடக்கத்தன்று அழாதவள் அப்போது அழுதாள். மறுநாள் காலை நான் அரிசி அளந்துகொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றாள்.

எங்கள் வீட்டில் பிடி அரிசிக்கென்று ஒரு டப்பா உண்டு. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவோம். சேர்ந்ததை ஆலயத்தில் கொடுத்தால் ஊழியத்துக்குப் போகும். ஆச்சி காலத்துப் பழக்கம். மாமனார் ஓய்வுபெற்ற பிறகு, அந்தப் பிடியைத் தானே வந்து போடுவார். மகள் டப்பாவைத் திறந்து ஒரு பிடி போட்டாள். மறுபடியும் கையை விட்டு இன்னொரு பிடி எடுத்தாள். சின்னக் கை, பாதி தரையில் சிந்தியது. "இது தாத்தாவுக்குள்ளது" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஊர்க்காணிக்கையின் அருமை தெரிந்த மண் இது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா முதலானோர் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்கவில்லை. நெல்லைச் சபையாரின் காணிக்கையை நம்பியே தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அந்தக் காணிக்கை கொடுத்த வீடுகளிலும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

சங்கத்தைப் பற்றிச் சொன்ன கையோடு ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்காரிகளுக்கு நம் சங்கங்களில் இடம் குறைவு. கூட்ட நேரம் அவர்களுக்கு ஒத்துவருவதில்லை. ஆராதனையில் பிள்ளை அழுதால் நாலு தலை திரும்புகிறது, வெளியே கொண்டுபோ என்று ஒரு கை காட்டுகிறது. மூத்தவளுக்கு ஒரு வயது நடந்தபோது ஒரு வருஷம் முழுக்க நான் வராந்தாவில் நின்றுதான் பிரசங்கம் கேட்டேன், கேட்ட மட்டும். தாய்க்குத் துணை மிகவும் தேவைப்படும் வருஷங்களில்தான் அவளை வெளியே நிறுத்துகிறோம். இது தப்பு.

இந்த ஞாயிறு ஆலயத்துக்குப் போகும்போது வராந்தாவைப் பாருங்கள். தோளில் பிள்ளையைப் போட்டுத் தட்டிக்கொண்டு ஒருத்தி நிற்பாள். புத்தி ஒன்றும் சொல்ல வேண்டாம், அக்கா. பிள்ளையைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் உள்ளே போய் ஒரு பாட்டையாவது முழுசாகப் பாடிவிட்டு வரட்டும்.

(தொடரும்)