காட்டோர நிலத்தில் எந்தப் பயிரை எங்கே வைப்பது?



மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்த நிலக்கடலையை ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது. விடிந்தபின் வரப்பில் நின்று வயிறு எரிந்து என்ன பயன்? விதைக்கும் முன்பே நிலத்தைத் திட்டமிட்டால் இந்தச் சேதத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

முதலில் பன்றியின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பார்வை மந்தம். மோப்பம் மிகக் கூர்மை. பகலில் ஓடைப் புதரிலும் சீமைக்கருவேலங் காட்டிலும் படுத்துக் கிடக்கும். இருட்டியதும் கிளம்பி, பழகிய தடத்திலேயே திரும்பத் திரும்ப வரும்.

ஆகவே ஒரு தாளில் உங்கள் நிலத்தை வரையுங்கள். காடு எந்தப் பக்கம், ஓடை எங்கே, குளம்படி எந்த வரப்பில் தெரிகிறது, வீடு எங்கே என்று குறியுங்கள். நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி மூன்றையும் வீட்டுப் பக்கம் வையுங்கள். காட்டை ஒட்டிய பகுதிக்கு ஆமணக்கு, மிளகாய் போன்றவை போதும்.

அடுத்து, மக்காச்சோளத்தைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கை நெருக்கமாக விதையுங்கள். ஆமணக்கு பன்றிக்குப் பிடிக்காத பயிர். அதன் வாடை மக்காச்சோளத்தின் வாசனையை மறைக்கும். "காட்டுப் பக்கம் மட்டும் போட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. ஒரு மூலையில் இடைவெளி இருந்தாலும் அதுவே பன்றிக்கு வாசல். மக்காச்சோளத்துக்கு ஒரு மாதம் முன்பே ஆமணக்கை விதைத்தால்தான் கதிர் பிடிக்கும்போது அது தழைத்து நிற்கும். முத்து விற்ற காசும் கைக்கு வரும். ஆனால் அந்த முத்தை ஆடுமாடு தின்னக் கூடாது, அது விஷம்.

ஆமணக்கு வரிசைக்கு வெளியே பத்தடி அகலத்துக்குப் புதரை வெட்டிச் சுத்தமாக வையுங்கள். மறைவில்லாத வெட்டவெளியில் நடக்கப் பன்றி தயங்கும். இவ்வளவு செய்தாலும் கதிர் பால் பிடிக்கும் நாட்களில் ராக்காவல் அவசியம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வேலியில் மின்சாரம் பாய்ச்சாதீர்கள். நாட்டு வெடி வைக்காதீர்கள். இரண்டும் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிது, ராத்திரி தண்ணீர் கட்டப் போகும் உங்கள் பிள்ளையின் உயிர். பயிர் அழிந்தால் மறு போகம் உண்டு. உயிருக்கு மறு போகம் கிடையாது.

நீங்கள் ஒருவர் மட்டும் செய்தால் பன்றி பக்கத்து வயலுக்குப் போகும். அண்டை வயல்காரரையும் கூப்பிட்டு உட்கார்ந்து பேசி, சேர்ந்தே திட்டமிடுங்கள். சேதம் நேர்ந்தால் தாமதிக்காமல் வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் கொடுங்கள்.