வீட்டு ஷெட்டுக்கு ஒரு பைக் மேடை: நான் ரெண்டு தடவை செஞ்ச கதை

இன்னிக்கு எபிசோடில் சாஃப்ட்வேர் கிடையாது. இரும்புக் குழாய், பிளைவுட், ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100, அப்புறம் எங்க அப்பாவோட முதுகு. வீட்டுல பைக் வேலை பார்க்க ஒரு மேடை வாங்கலாமா, செய்யலாமானு யோசிக்கிறவங்களுக்காகப் பேசுறேன்.

அந்த வண்டி அப்பா 1994-ல் வாங்கியது. நான் சின்னப் பையனா இருந்தப்போ ஞாயிற்றுக்கிழமை காலைன்னா அவர் ஷெட்டுல குத்தவச்சு உட்கார்ந்து கார்புரேட்டர் கழட்டிட்டு இருப்பார். நான் பக்கத்துல ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். மூணு வருஷம் முன்னாடி அவருக்கு முதுகுல டிஸ்க் பிரச்சினை வந்தது. குத்தவச்சு உட்காரக் கூடாது, குனிஞ்சு கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அன்னிக்கு வண்டி மேல போட்ட கவரை ஒரு வருஷம் எடுக்கவே இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கும்போது, "டேய், அந்த வண்டியைக் கொடுத்துடலாமா?"ன்னு ரொம்பச் சாதாரணமா கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இதுல இறக்கிவிட்டது.

நாலு வீடியோ பார்த்துட்டு நானே ஒரு மேடை செஞ்சேன். உயரம் 75 சென்டிமீட்டர், ஒர்க்‌ஷாப்ல பார்க்கிற மாதிரி. ஷெட்டுல இடம் கம்மின்னு ரேம்ப் பலகை வெறும் ஒன்றரை மீட்டர். நானும் பக்கத்து வீட்டுப் பையனும் மூச்சு வாங்கத் தள்ளி ஏத்தினோம். மேல ஏத்தி சைடு ஸ்டாண்ட் போட்டு, ஒரு நைலான் கயிறு கட்டினேன். பின்சக்கர நட்டு இறுகிக் கிடந்தது. ஸ்பேனரைப் போட்டு ஓங்கி இழுத்தேன். வண்டி ஒரு அங்குலம் முன்னால நகர்ந்தது, சைடு ஸ்டாண்ட் மடங்கிடுச்சு. சைடு ஸ்டாண்டோட குணமே அதுதான். வண்டி முன்னால நகர்ந்தா அது பின்பக்கமா மடங்கும்.

அந்தப் பக்கம் நின்னது அப்பா. ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சார். வண்டிக்கு கிளட்ச் லீவர் மட்டும்தான் வளைஞ்சது. அப்பா நாலு நாள் படுத்த படுக்கை. திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகமா வலிச்சது.

அதுக்கப்புறம் புரிஞ்சது: மேடையோட முதல் வேலை வண்டியைத் தூக்குறது இல்லை, விழாம பிடிச்சுக்கிறது. இன்னொண்ணு, யாருக்காக செய்றேனோ அவர்கிட்ட நான் எதுவுமே கேட்கலை. வேலையில தினமும் "யூசர் என்ன கேட்கிறார்"னு பேசுற ஆள் நான்.

ரெண்டாவது தடவை டேப்போட ஆரம்பிச்சேன். தரையில நிக்கிற வண்டியில கார்புரேட்டர் சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்துல இருந்தது, சக்கர அச்சு சுமார் 30. மேடை 45 வச்சா கார்புரேட்டர் 90-க்கு வரும், அதாவது சமையல் மேடை உயரம். நின்னுக்கிட்டே குனியாம பார்க்கலாம். அச்சும் செயினும் 75-க்கு வரும், ஸ்டூல்ல உட்கார்ந்து பார்க்கலாம். முதல் மேடையில கார்புரேட்டர் என் நெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. மேடை உயரம்ங்கிறது தரையில இருந்து அளக்க வேண்டிய விஷயம் இல்லை, கை வேலை செய்ற இடத்துல இருந்து அளக்க வேண்டியது.

உயரம் குறைஞ்சதும் ரேம்ப் கணக்கும் மாறிடும். தள்ள வேண்டிய பலம் சுமாரா எவ்வளவுன்னா, வண்டி எடையை மேடை உயரத்தால பெருக்கி ரேம்ப் நீளத்தால வகுங்க. எங்க வண்டி கிட்டத்தட்ட 100 கிலோ. 75 உயரத்துக்கு 150 சென்டிமீட்டர் ரேம்ப்னா 50 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டை. 45 உயரத்துக்கு 240 ரேம்ப்னா சுமார் 19 கிலோதான். கிளாசிக் 350 மாதிரி 195 கிலோ வண்டியா இருந்தாலும் 37 கிலோவுல முடியும். ரேம்ப்பைக் கழட்டி மாட்டுற மாதிரி வச்சா, மத்த நேரம் சுவர்ல சாத்தி வைக்கலாம்.

அளவு: நீளம் 7 அடி, அகலம் 2 அடி. ஃப்ரேமுக்கு 40-க்கு 40 மில்லிமீட்டர் ஸ்கொயர் டியூப், 2 மில்லிமீட்டர் கனம். வெல்டிங் பட்டறை அண்ணன் படத்தைப் பார்த்துட்டு, "தம்பி, காலை நேரா இறக்காதீங்க, அகட்டி வைங்க"ன்னார். வண்டியோட கனம் மேல இருக்கு, அடி குறுகலா இருந்தா மேடையே சாயும். அதனால மேல 60 சென்டிமீட்டர், தரையில 75. கால்களைத் தரையோட ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கினோம். இல்லைன்னா வண்டியைத் தள்ளும்போது மேடையும் சேர்ந்து முன்னால போகும்.

மேல் பலகைக்கு 19 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டேன். 3 மில்லிமீட்டர் இரும்பு ஷீட்னா அதைவிட ரெண்டு மடங்கு கனம், ஆனா ஆயிலைத் துடைச்சு எடுக்கிறது சுலபம். பிளைவுட்டுக்கு ஓரத்துல எல்லாம் பெயிண்ட் அடிக்கணும், தண்ணி இறங்கினா உப்பிடும். முக்கியமானது, சென்டர் ஸ்டாண்ட் ஊன்றுற இடத்துக்கு நேர் கீழ ஒரு குறுக்குச் சட்டம் வேணும். மொத்தக் கனமும் அந்த ரெண்டு சின்ன இடத்துலதான் இறங்கும்.

இப்போ பிடிமானம். முன்பக்கம் சக்கரம் போய்ப் பதியுற மாதிரி ஆங்கிள் இரும்புல வி வடிவத் தடுப்பு. லாரியில சரக்கு கட்டுற ராட்செட் பெல்ட் ரெண்டு, ஃபோர்க்கோட மேல் பகுதியில இருந்து மேடையோட முன் மூலைகளுக்கு, இடது ஒண்ணு வலது ஒண்ணு. ஃபோர்க் கொஞ்சம் அமுங்குற வரைக்கும் இறுக்கினா போதும், முழுசா அமுக்க வேண்டாம். நைலான் கயிறு இழுபடும், அதை நம்பாதீங்க. முன்சக்கரத்தையே கழட்டணும்னா கதை வேற. அப்போ பின்பக்கத்தை மேடையோட கட்டி, எஞ்சினுக்கு அடியில முட்டுக் கொடுக்கணும்.

வண்டியை ஓட்டி ஏத்தாதீங்க. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுத் தள்ளி ஏத்துங்க. இறக்கும்போது முதல் கியர்ல போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிடிச்சு இறக்குங்க. பின்னோக்கி இறங்கும்போது கனம் பின்சக்கரத்துல இருக்கும். முன் பிரேக்கை மட்டும் நம்பினா சக்கரம் வழுக்கும். கார்புரேட்டர் கழட்டுற அன்னிக்கு பெட்ரோல் டேப்பை மூடிட்டு, ஷெட் கதவைத் திறந்து வைங்க. அந்தப் பக்கம் கிரைண்டர், வெல்டிங் எதுவும் வேண்டாம்.

வாங்கலாமான்னு கேட்டா, அடிக்கடி வேற வேற வண்டி பார்க்கிறவங்களுக்கு ஹைட்ராலிக் மேடை நல்லது. தாழ்ந்த நிலையில வண்டியை ஏத்திட்டு, வேலைக்கு ஏத்த மாதிரி உயர்த்தலாம். ஆனா சமமான கான்கிரீட் தரை வேணும், ஓரமா நகர்த்தி வைக்கிறதும் லேசு இல்லை. உயர்த்தினதும் பூட்டுக் கம்பியைப் போடாம கை வைக்கவே கூடாது. ஆயில் சீல் எப்போ கசியும்னு யாருக்கும் தெரியாது. ஒரே வண்டி, ஒரே ஆள்னா என்னை மாதிரி நிரந்தர உயர மேடையே போதும்.

முடிஞ்ச அன்னிக்கு வண்டியைக் கட்டிட்டு, ஹேண்டில்பாரைப் பிடிச்சு நான் ரெண்டு பக்கமும் பலமா உலுக்கிப் பார்த்தேன். அசையலை. அதுக்கப்புறம்தான் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒண்ணும் சொல்லாம தானும் ஒரு தடவை உலுக்கிப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடு"ன்னார்.

கொடுத்துடலாமான்னு அதுக்கப்புறம் அவர் கேட்கலை.