பழைய வரைபடத்தில் நம்ம ஊர்: சரியாகப் பொருத்திப் பார்ப்பது எப்படி?

"எங்க தாத்தா காலத்துல கடல் ரொம்ப தள்ளி இருந்துச்சு." கடலோர ஊர்களில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க. அது உண்மையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து, இன்றைய வரைபடத்தின் மேல் இடத்துக்கு இடம் பொருத்திப் பார்க்கலாம். இதற்கு 'ஜியோரெஃபரன்சிங்' என்று பெயர். ஆனால் பொருத்துவதில் தவறினால், நகராத கடலும் நகர்ந்த மாதிரி தெரியும். புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

எந்த மாவட்டத்தில் தேடுவது?

புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974 ஜனவரி 14-ல்தான். அதற்கு முன் கோட்டைப்பட்டினம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே பழைய வரைபடம் வேண்டுமென்றால் தஞ்சாவூர் என்று தேடுங்க. 'புதுக்கோட்டை' என்று தேடினால் பழைய சமஸ்தானத்தின் வரைபடங்கள்தான் அதிகம் வரும். ஆங்கிலேயர்கள் ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியதால், எழுத்துக் கூட்டலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்க.

அப்படியே ஒட்ட முடியாதா?

முடியாது. 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, பெரிய முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். அந்த அளவையில் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தை வைத்துக் கணக்கிடப்பட்டன. பிற்பாடு, வானாய்வகத்தின் தீர்க்கரேகையே 2 நிமிடம் 27 விநாடி கூடுதலாக எடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

கேட்க சின்ன எண்தான். ஆனால் நம்ம பக்கத்தில் அது தரையில் சுமார் நாலரை கிலோமீட்டர். திருத்தம் செய்யாத பழைய வரைபடத்தின் எண்ணை அப்படியே இன்றைய வரைபடத்தில் போட்டால், கோட்டைப்பட்டினம் கிழக்கே நகர்ந்து கடலுக்குள் போய் நிற்கும்! அதற்காக அன்றைய அளவையாளர்கள் மோசமாக அளந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தூரத்தைக் கவனமாகவே அளந்தார்கள். ஆரம்பப் புள்ளியின் எண்தான் தவறு.

பொருத்தும் முறை

1. பழைய வரைபடத்திலும் இன்றைய வரைபடத்திலும் தெளிவாகத் தெரியும் நிலையான இடங்களைத் தேர்ந்தெடுங்க. கோயில், பள்ளிவாசல், தர்கா, கண்மாய்க் கரையின் திருப்பம், அளவைக் கல் போன்றவை நல்லது.

2. மொபைலில் கூகுள் மேப்பைத் திறந்து அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். குறித்துக்கொள்ளுங்க.

3. கணினியில் 'கியூஜிஐஎஸ்' என்ற இலவச மென்பொருளில் ஸ்கேன் படத்தைத் திறந்து, ஒவ்வொரு இடத்துக்கும் அதன் எண்களைக் கொடுங்க. குறைந்தது 3 புள்ளிகள் தேவை. 8 அல்லது 10 இருந்தால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். எல்லாம் ஒரே மூலையில் இல்லாமல் படம் முழுக்கப் பரவியிருக்கட்டும்.

4. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று மென்பொருளே காட்டும். ஒன்று மட்டும் அதிகமாக விலகினால், அந்த இடத்தை மறுபடி சரிபாருங்க.

கடற்கரையைப் புள்ளியாக எடுக்காதீங்க

பலரும் தவறுவது இங்கேதான். பழைய கரைக்கோட்டை இன்றைய கரைக்கோட்டின் மேல் பொருத்தினால், இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். எதை அளக்க வந்தோமோ அதையே ஆணி அடித்து நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம். முகத்துவாரம், மணல்திட்டு ஆகியவையும் இடம் மாறக்கூடியவை. கிழக்குக் கடற்கரைச் சாலையும் உதவாது. ஆங்கிலேயர் கால வரைபடத்தில் அந்தச் சாலையே இருக்காது.

எவ்வளவு நம்பலாம்?

ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்று வரைந்த வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் சுமார் 32 மீட்டர். உங்க புள்ளிகளின் சராசரி விலகல் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கரை 30 மீட்டர் உள்ளே வந்த மாதிரி தெரிந்தால், அதை வைத்து "கடல் ஊரைத் தின்னுருச்சு" என்று சொல்ல முடியாது. 200 மீட்டர் என்றால் மேற்கொண்டு ஆராயலாம். அப்போதும் அளந்த ஆண்டையும் ஓத நிலையையும் சேர்த்துப் பார்க்கணும்.

எல்லைத் தகராறுக்கு இது ஆதாரம் ஆகாது

முக்கியமான விஷயம் இது. உங்க மனையின் எல்லையை முடிவு செய்வது இந்த வரைபடமோ மொபைல் ஜிபிஎஸ்ஸோ இல்லை. திறந்த வெளியில்கூட மொபைல் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். பழைய நில அளவைச் சங்கிலியின் ஒரு லிங்க் என்பதோ சுமார் 20 சென்டிமீட்டர்தான். பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை அரசின் இணையவழி நிலச் சேவைத் தளத்தில் பாருங்க. எல்லையில் சந்தேகம் இருந்தால், நில அளவைக்கு விண்ணப்பித்து, அளவர் முன்னிலையில் கல் பார்த்து அளப்பதே சரியான வழி.

பழைய வரைபடம் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுவதற்கு அல்ல. மூடிப்போன வாய்க்காலையும் சுருங்கிப்போன கண்மாயையும் அடையாளம் காண அது உதவும். உங்க ஊரில் நூறு வருஷமாக இடம் மாறாதவை எவை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்க. அவர்கள் சொல்லும் இடங்களையே உங்க முதல் புள்ளிகளாக வைத்து ஆரம்பிக்கலாம்.