கன்டெய்னரை அழிச்சா சம்பள ஃபைலும் போயிடுமா?

இந்த வார எபிசோட்ல பழைய ஜாவா அப்ளிகேஷனை டாக்கருக்கு மாத்துறதைப் பத்திப் பேசினோம். ஃபைல் பாத், வால்யூம் ரெண்டையும் வேகமா தாண்டிட்டோம். அதை இங்கே நிதானமா எழுதுறேன்.

நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்கலாம். 2009-லிருந்து எமிரேட்ஸில் தனியார் கம்பெனி சம்பளத்துக்கு டபிள்யூ.பி.எஸ் இருக்கு. யாருக்கு எவ்வளவு சம்பளம்னு எழுதின எஸ்.ஐ.எஃப் என்ற டெக்ஸ்ட் ஃபைலை கம்பெனி மாசாமாசம் வங்கிக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுக்கணும். உங்க அப்பா சம்பளமும் இப்படி வந்திருக்கலாம். அந்த ஃபைல் தாமதமானா, லேபர் கேம்ப்ல இருக்கிறவர் ஊருக்கு அனுப்புற பணமும் தாமதம்தான்.

நான் கான்ட்ராக்ட்ல போன ஒரு கம்பெனியில், இந்த ஃபைலைத் தயாரிக்கிற அப்ளிகேஷன் விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸ் கன்டெய்னருக்கு மாறியிருந்தது. லாக்கில் 'ஃபைல் எழுதியாச்சு'ன்னு வருது. ஃபோல்டரில் ஒண்ணுமே இல்லை. எர்ரரும் இல்லை!

காரணம், பாத். கோடுக்குள்ளேயே சி டிரைவ்ல ஆரம்பிக்கிற விண்டோஸ் பாத்தை எழுதி வச்சிருந்தாங்க. லினக்ஸில் டிரைவ் எழுத்து கிடையாது. பேக்ஸ்லாஷ் அங்கே ஃபோல்டரைப் பிரிக்காது; பெயரில் வரக்கூடிய இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். அதனால ஜாவா அந்த முழு பாத்தையும் ஒரே ஃபைல் பெயரா எடுத்துக்கிட்டு, அப்ளிகேஷன் ஓடுற ஃபோல்டரிலேயே எழுதிடுச்சு. கன்டெய்னரில் எந்த ஃபைல் புதுசா வந்திருக்குன்னு 'டாக்கர் டிஃப்' காட்டும். அதில் கண்டுபிடிச்சு, 'டாக்கர் சிபி' மூலம் வெளியே எடுத்தோம்.

இதுக்குத் தீர்வு: பாத்தை கோடில் எழுதாதீங்க. என்விரான்மென்ட் வேரியபிளில் கொடுங்க. ஃபோல்டரையும் ஃபைல் பெயரையும் சேர்க்க ஜாவாவோட பாத் கிளாஸைப் பயன்படுத்துங்க. லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறவேற என்பதையும் மறக்காதீங்க.

அடுத்தது வால்யூம். கன்டெய்னருக்குள் எழுதுறது அதோட சொந்த லேயரில்தான் இருக்கும். நிறுத்தி மறுபடி ஓட்டினா ஃபைல் இருக்கும். ஆனா புது வெர்ஷன் போடும்போது பழைய கன்டெய்னரை அழிப்போமே, அப்போ ஃபைலும் சேர்ந்து போயிடும். அதனால ஃபைல் எழுதுற ஃபோல்டரை வால்யூமா வெளியே வைக்கணும்.

வால்யூம் வச்சதும் ரெண்டு புதுப் பிரச்சினை வரலாம்.

ஒண்ணு, மறைஞ்சு போறது. ஹோஸ்டில் இருக்கிற காலி ஃபோல்டரை பைண்ட் மவுன்ட் பண்ணினா, இமேஜில் அதே இடத்தில் இருந்த டெம்ப்ளேட், கான்ஃபிக் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அழியலை, மூடியிருக்கு. காலியான நேம்டு வால்யூம் என்றால் டாக்கர் இமேஜில் இருப்பதை முதலில் அதில் காப்பி பண்ணிடும். எப்படியும் அவுட்புட்டுக்குத் தனி ஃபோல்டர் வச்சுக்கிறதே நல்லது.

ரெண்டாவது, பெர்மிஷன். கன்டெய்னர் ரூட் இல்லாத யூசரா ஓடுது, ஹோஸ்ட் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தம்னா எழுத விடாது. இங்கே யூசர் பெயர் முக்கியமில்லை, யூசர் ஐடி எண்தான் பொருந்தணும். 777 கொடுத்துத் தப்பிக்காதீங்க. அது சம்பள விவரம், யார் வேணும்னாலும் படிக்கலாம்னு ஆயிடும்.

கடைசியா, நேரம். எஸ்.ஐ.எஃப் ஃபைல் பெயரில் தேதியும் நேரமும் வரும். கன்டெய்னர் பொதுவா யூ.டி.சி-யில் ஓடும், துபாய் அதைவிட 4 மணி நேரம் முன்னாடி. ராத்திரி 2 மணிக்கு ஓடுற ஜாப், ஃபைல் பெயரில் நேத்து தேதியைப் போட்டுடும். டைம்ஸோனை ஏசியா/துபாய்னு செட் பண்ணிடுங்க.

லைவுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் போதும்: ஃபைலை எழுத வைங்க, கன்டெய்னரை அழிங்க, புதுசா ஓட்டுங்க. ஃபைல் அங்கேயே இருந்தா தைரியமா போடலாம். ஆனா சம்பளத் தேதிக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்!