ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

முன்னுரை

நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் நாம். ஒரு தென்னந்தோப்பை விலை பேசுவதென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் எத்துணை கவனம் காட்டுகிறார்கள்! மரங்களுக்கு வயது என்ன, ஒரு வெட்டுக்கு எத்தனை காய் இறங்கும், கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, பத்திரத்தில் வில்லங்கம் ஏதும் உண்டா என்று பத்துப் பேரிடம் விசாரித்த பின்னரே முன்பணம் கொடுக்கிறார்கள். அதே பெரியவர்களில் சிலர் இன்று கைப்பேசித் திரையில் ஒரு பெயரைக் கண்டு, அஃது ஊரெல்லாம் அறிந்த பெயர் என்ற ஒரே காரணத்துக்காக, ஓர் இணைய நிறுவனத்தின் பங்குகளை ஐந்தே நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். போவது திராட்சை விற்ற பணமாக இருக்கலாம். நம் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்த பணமாகவும் இருக்கலாம். தோப்புக்குக் கேட்கும் கேள்விகளைப் பங்குக்கும் கேட்க முடியாதா? முடியும் என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

பங்கு என்பது யாது?

ஒரு தோப்பை நூறு பேர் சேர்ந்து வாங்கினால் ஒவ்வொருவருக்கும் நூற்றில் ஒரு பாகம் சொந்தம். விளைச்சலிலும் நட்டத்திலும் அவர்களுக்கு அதே அளவில் பாகம் உண்டு. நிறுவனத்தின் பங்கும் இத்தகையதே. ஒரு நிறுவனம் முதன்முதலாகத் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பதைப் புதிய பங்கு வெளியீடு என்பர். அதன் பின் அப்பங்குகள் மும்பைப் பங்குச் சந்தையிலும் தேசியப் பங்குச் சந்தையிலும் நாள்தோறும் கைமாறும். வாங்கிய பங்குகள் டிமேட் கணக்கில் இருக்கும். இவற்றையெல்லாம் மேற்பார்வையிடும் அமைப்பு செபி. அதற்கு 1992-ஆம் ஆண்டில் சட்டப்படி அதிகாரம் வழங்கப்பட்டது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். 76 ரூபாய்ப் பங்கு மலிவு, 2,150 ரூபாய்ப் பங்கு உயர்வு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பாகத்தின் விலையை மட்டும் கேட்டால் தோப்பின் விலை தெரியாது. எத்தனை பாகம் என்றும் கேட்க வேண்டும். ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதே அந்த நிறுவனத்துக்குச் சந்தை இடும் மதிப்பு. அம்மதிப்பை நிறுவனத்தின் ஆண்டு வருவாயோடும் இலாபத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விலை மலிவா, மிகையா என்பது விளங்கும்.

இணைய நிறுவனத்தின் தன்மை

ஒரு நூற்பாலையை நாம் கண்ணால் காணலாம். கட்டடம், இயந்திரம், பஞ்சு மூட்டை எல்லாம் அங்கே உண்டு. ஆலை நொடித்தாலும் அவற்றை விற்றுச் சிறிதேனும் மீட்கலாம். இணைய நிறுவனத்திடம் இருப்பவை மென்பொருள், வாடிக்கையாளர் கூட்டம், பெயர் ஆகிய மூன்றுமே. இவற்றைத் தராசில் நிறுத்துப் பார்க்க இயலாது.

மேலும் இத்தொழிலில் செலவு முன்னே வரும், வரவு பின்னே வரும். செயலியை உருவாக்கவும் விளம்பரம் செய்யவும் முதலில் பெரும்பணம் வேண்டும். ஆனால், ஒரு முறை அமைத்துவிட்டால், பதினோராயிரமாவது வாடிக்கையாளரைச் சேர்க்க ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. கூட்டம் சேரச் சேர மதிப்பும் கூடும். வரன் தேடும் இணையதளத்தில் நூறு பேர் இருந்தால் யார் பார்ப்பார்? இலட்சம் பேர் இருந்தால் மேலும் இலட்சம் பேர் வருவார்கள். ஆகவே தொடக்க ஆண்டுகளில் நட்டம் வருவது இயல்பே. அந்த நட்டம் விதைநெல்லா, ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கூட்டம் வேறு, வியாபாரம் வேறு

எங்கள் குச்சனூரில் சனீஸ்வரர் கோயிலுக்கு ஆடி மாதச் சனிக்கிழமைகளில் மக்கள் வெள்ளமெனத் திரண்டு வருவார்கள். அன்று தெருவில் கடை போட்டவர்கள் எல்லோருக்கும் முன்னால் அதே கூட்டந்தான் நடந்து போகிறது. ஆயினும் மாலையில் எல்லோருடைய கல்லாவும் ஒரே அளவில் நிறைவதில்லை. கடந்து போனவர் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு; வாங்கியவர் எத்தனை பேர் என்பது இன்னொரு கணக்கு; செலவு போக மிஞ்சியது எவ்வளவு என்பது மூன்றாவது கணக்கு. கடைக்காரர் வீட்டில் அடுப்பெரிவது இந்த மூன்றாவது கணக்கால்தான்.

இதற்குப் பேடிஎம் நிறுவனம் தக்க எடுத்துக்காட்டு. பெட்டிக்கடை முதல் நகைக்கடை வரை அதன் அட்டையை நாம் கண்டிருக்கிறோம். 2021 நவம்பரில் அதன் தாய் நிறுவனமான ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் ஒரு பங்கு 2,150 ரூபாய் என்ற விலையில் 18,300 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வெளியிட்டது. அதற்கு முன் இந்தியாவில் அத்துணை பெரிய வெளியீடு நடந்ததில்லை. அவ்விலையில் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 1 இலட்சத்து 39 ஆயிரம் கோடி ரூபாய். 2020-21-இல் அதன் தொழில் வருவாய் சுமார் 2,800 கோடி ரூபாய்; நட்டம் 1,701 கோடி ரூபாய். அதாவது வருவாயைப் போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு விலை! ஐம்பது ஆண்டு மகசூலை முன்கூட்டியே விலையாகக் கேட்டு, அந்த மகசூலிலும் செலவு போக மிச்சமில்லை என்றால் நம்மூரில் எவரேனும் அத்தோப்பை வாங்குவாரா?

கூட்டம் அவ்வளவு இருந்தும் இலாபம் ஏன் இல்லை? ஒரு முக்கிய காரணம் உண்டு. யுபிஐ வழியாகச் செலுத்தும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தலாம், ஆனால், அந்தப் பயன்பாடே காசாகிவிடாது. கடன் வழங்க உதவுதல் போன்ற வேறு வழிகளில்தான் வருவாய் தேட வேண்டியிருந்தது. பங்குகள் சந்தைக்கு வந்த 2021 நவம்பர் 18 அன்றே விலை சுமார் 27 விழுக்காடு சரிந்தது. 2024 ஜனவரி இறுதியில் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின்மீது ரிசர்வ் வங்கி கடும் கட்டுப்பாடுகள் விதித்த பின், அவ்வாண்டு மே மாதத்தில் பங்கின் விலை 350 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பின்னர் 1,000 ரூபாயைக் கடந்து ஏறினாலும், 2025 முடியும் வரையிலும் 2,150-ஐ எட்டவில்லை.

ஓர் ஆர்டரில் மிஞ்சுவது என்ன?

அப்படியானால் நட்டம் காட்டும் நிறுவனங்களை எல்லாம் ஒதுக்கிவிடலாமா? அதுவும் சரியன்று. அதே 2021-ஆம் ஆண்டு ஜூலையில் உணவு கொண்டுவந்து கொடுக்கும் சொமாட்டோ நிறுவனம் 76 ரூபாய் விலையில் பங்குகளை வெளியிட்டது. அதற்கும் 2020-21-இல் 816 கோடி ரூபாய் நட்டம். ஆனால், அதன் வெளியீட்டு ஆவணத்தைப் படித்தவர்கள் ஒரு சிறு கணக்கைக் கண்டிருப்பார்கள். 2019-20-இல் ஒவ்வோர் ஆர்டருக்கும், நேரடிச் செலவுகள் போக, சுமார் 30 ரூபாய் கையை விட்டுப் போயிற்று. அடுத்த ஆண்டில் ஒவ்வோர் ஆர்டருக்கும் சுமார் 20 ரூபாய் மிஞ்சியது. அலுவலகச் செலவு முதலியவற்றை ஈடுகட்ட அது போதவில்லை என்பது மெய்யே. எனினும் குடத்தின் ஓட்டை அடைபட்டுவிட்டது என்பதற்கு அஃது ஓர் அடையாளம்.

ஓர் ஆர்டருக்கு 30 ரூபாய் இழக்கும் நிறுவனம் பத்து மடங்கு வளர்ந்தால் நட்டமும் பத்து மடங்கு ஆகும். ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் மிஞ்சும் நிறுவனம் வளர்ந்தால் ஒரு நாள் கரையேறும். சொமாட்டோ 2023 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் முதன்முறையாக 2 கோடி ரூபாய் இலாபம் காட்டியது. எட்டர்னல் என்று 2025-இல் பெயர் மாறிய நிறுவனம் இதுவே.

நல்ல நிறுவனம், தகாத விலை

இதனால் சொமாட்டோ பங்கை வாங்கிய எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று கொள்ளலாகாது. 2021 நவம்பரில் அதன் விலை 160 ரூபாயைக் கடந்தது. 2022 ஜூலை இறுதியில் 40 ரூபாயை ஒட்டி இறங்கியது. இங்கே நாம் வகுப்பில் படிக்கும் விழுக்காட்டுக் கணக்கு உதவுகிறது. 160 ரூபாய் 40 ஆனால் இழப்பு 75 விழுக்காடு. ஆனால், அந்த 40 மீண்டும் 160 ஆக வேண்டுமானால் 300 விழுக்காடு ஏற வேண்டும்! உச்சத்தில் வாங்கியவர் தம் முதலை மீண்டும் காண 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்பட்டிருந்தால் நாலில் ஒரு பங்குக்கு விற்றிருப்பார். நிறுவனம் ஒன்றே, வாங்கிய விலையாலும் காத்திருக்க முடிந்ததாலுமே ஒருவருக்கு இலாபம், மற்றவருக்கு நட்டம்.

இலாபம் காட்டும் நிறுவனத்துக்கும் இவ்விதி பொருந்தும். தமிழ் மேட்ரிமோனி என்ற பெயரை அறியாத வீடு உண்டோ? முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய சென்னை நிறுவனமான மேட்ரிமோனி.காம் 2017 செப்டம்பரில் 985 ரூபாய்க்குப் பங்குகளை வெளியிட்டது. சந்தைக்கு வந்த பின் அது தொடர்ந்து இலாபம் ஈட்டியது. எனினும் இலாபம் பெரிதாக வளரவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து 2025-இலும் அப்பங்கு 985 ரூபாய்க்குக் கீழேதான் கைமாறியது. இன்றைய இலாபத்தோடு நாளைய வளர்ச்சிக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டால், வளர்ச்சி வராதபோது கொடுத்த விலை திரும்பாது.

இது புதிய பாடமன்று. 1999 அக்டோபரில் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் நுழைந்த முதல் இந்திய இணைய நிறுவனம் என்ற பெருமை பெற்றது. சில மாதங்களிலேயே விலை பல மடங்கு ஏறியது. அந்நாளில் பெயருக்குப் பின்னால் 'டாட் காம்' என்று இருந்தாலே மக்கள் பணத்தைக் கொட்டினார்கள். 2000 மார்ச் 10 அன்று நாஸ்டாக் குறியீடு 5,000-ஐக் கடந்து உச்சம் தொட்டது. 2002 அக்டோபரில் 1,100 அளவுக்கு வீழ்ந்தது. சத்யம் இன்ஃபோவே பங்கும் வெளியீட்டு விலைக்குக் கீழே போயிற்று. அந்நிறுவனம் அழியவில்லை; சிஃபி என்ற பெயரில் நிலைத்து நின்றது. அமேசான் பங்குகூட 1999 டிசம்பரில் 100 டாலருக்கு மேல் இருந்து, 2001-இல் 6 டாலருக்குக் கீழ் இறங்கியது. இணையம் உலகை மாற்றும் என்று நம்பியவர்கள் ஏமாறவில்லை. எந்த விலைக்கும் வாங்கலாம் என்று நம்பியவர்களே ஏமாந்தார்கள்.

விவரங்களை எங்கே காண்பது?

தோப்புக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கிடைப்பது போல, நிறுவனத்துக்கு வெளியீட்டு ஆவணம் உண்டு. செபியின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அது நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டது. எனினும் மூன்று இடங்களைப் பார்த்தால் நம்மைப் போன்றோருக்குப் பெரிதும் விளங்கும். முதலாவது, 'அபாயக் காரணிகள்' என்னும் பகுதி. தம் குறைகளை நிறுவனமே அதில் எழுதித் தர வேண்டும். இரண்டாவது, மூன்றாண்டு வரவு, செலவு, கடன். நட்டம் குறைகிறதா, கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, நாம் தரும் பணம் யாருக்குப் போகிறது என்பது. பேடிஎம் திரட்டிய 18,300 கோடியில் 8,300 கோடிதான் நிறுவனத்துக்கு. 10,000 கோடி, தம் பங்கை விற்ற பழைய பங்குதாரர்களுக்குப் போயிற்று. விற்பது தவறன்று. ஆனால், தோப்பை நன்கறிந்தவர் விற்கும்போது, ஏன் விற்கிறார் என்று கேட்பது வாங்குபவர் கடமை.

சந்தைக்கு வந்த பின் ஒவ்வொரு மூன்று மாதமும் நிறுவனங்கள் கணக்கை வெளியிட்டாக வேண்டும். அதைப் படிக்காமல், வாட்ஸ்அப்பில் முகமறியாதவர் அனுப்பும் 'நாளை இரட்டிப்பாகும்' என்ற செய்தியை நம்புவது, ஆழமறியாமல் ஆற்றில் கால் வைப்பதற்கு ஒப்பாகும். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு வாங்குவது அதனினும் ஆபத்து. பங்கு இறங்கினாலும் வட்டி இறங்காது அல்லவா?

முடிவுரை

இக்கட்டுரை எழுதும் நமக்கு வயது பதினைந்து. நாமாகவே பங்கு வாங்க உரிய வயதும் நமக்கு இல்லை; வாங்கப் பணமும் இல்லை. ஆயினும் நம்மிடம் ஒன்று உண்டு. வெளியீட்டு ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நம் வீடுகள் பலவற்றில் அதைப் படித்துச் சொல்லக்கூடியவர்கள் நாம்தாம். ஆகவே தோழியரே, அடுத்த முறை அப்பாவோ சித்தப்பாவோ ஒரு பெயரைச் சொல்லி, “இதில் போடலாமா?” என்று கேட்டால், நாம் ஆருடம் சொல்ல வேண்டாம். பணம் எவ்வழியில் வருகிறது, ஒவ்வோர் ஆர்டரிலும் மிஞ்சுவது என்ன, மொத்த விலை வருவாயைப் போல் எத்தனை மடங்கு, ஐந்தாண்டு தொடாமல் வைத்திருக்கக்கூடிய பணந்தானா என்ற நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, விடையைத் தேடி அருகில் எழுதிக் கொடுப்போம். விடை கிடைக்காத இடத்தை வெறுமையாகவே விடுவோம். அந்த வெற்றிடமே பெரியவர்களுக்கு வேண்டிய எச்சரிக்கையாக அமையும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்றார்கள் முன்னோர். அளக்கும் கோல் நம் பள்ளிப் பையிலேயே இருக்கிறது.