ஒரு மடலும் இரு படிகளும்

ஏட்டுச்சுவடி பயின்ற நம் முன்னோர் ஒரு நூலுக்குப் பல படிகள் கிடைத்தவிடத்து, ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை எறிந்தாரல்லர். 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை முதன்முதல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகளை ஒப்புநோக்கியே பாடந் துணிந்தார். அம்முறை இன்றைய மின்னஞ்சலுக்கும் வேண்டற்பாலது என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் நமக்கு ஒரு மடல் விடுக்கிறார். அதனையே சங்கத்தின் பொது முகவரிக்கும் சேர்த்தனுப்புகிறார். பொது முகவரி அதனை உறுப்பினர் யாவர்க்கும் பகிர்கிறது. ஆகவே நம்மிடம் இரு படிகள் வந்து சேர்கின்றன. இவை ஒரே மடலின் படிகளெனக் கணினி அறிவது எங்ஙனம்?

மடல் புறப்படும்போது அதன் தலைப்பகுதியில் தனியடையாளம் ஒன்று பொறிக்கப்படுகிறது. மாணவனுக்குச் சேர்விலக்கம் போன்றது அது. மின்னஞ்சல்களை அட்டவணைப்படுத்துவதற்கென 2009ஆம் ஆண்டில் தோன்றிய ‘நொட்மச்’ என்னும் மென்பொருள் அதனையே நோக்குகிறது. அடையாளம் ஒன்றாயின், கோப்பு இரண்டாயினும் மடல் ஒன்றே எனக் கொள்ளும். அடையாளமின்றி வரும் மடலுக்கு, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த எண்கோவை ஒன்றைத் தானே சூட்டும். நாம் இடும் குறிச்சொற்கள் கோப்புக்கு உரியனவல்ல, மடலுக்கு உரியன. ‘படித்தது’ என ஒருமுறை குறித்தால் இரு படிகளும் படித்தனவாகும். ‘அழிக்க’ என்னும் குறியும் அங்ஙனமே இரண்டையும் சாரும்.

இடர் இங்கேதான் உளது. பொது முகவரி வழியாக வந்த படியில் அடிக்குறிப்புக் கூடியிருக்கலாம். இணைத்த நிழற்படம் நீக்கப்பட்டிருக்கலாம். அடையாளமோ மாறாதிருத்தல் கூடும். அப்போது குறைப்படி கண்முன் தோன்ற, முழுப்படி மறைந்து நிற்கும். 2018இல் வெளிவந்த 0.26ஆம் பதிப்பு முதல் எல்லாப் படிகளின் சொற்களும் அட்டவணையில் ஏறித் தேடலுக்கு அகப்படுகின்றன. எனினும் திறந்து பார்க்கும் பொறுப்பு நம்முடையதே.

2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வன்னி மக்கள் வீட்டோடு ஏட்டையும் இழந்தனர். பழைய வகுப்புப் படமொன்று இன்று நம்மை வந்தடைவது பெரும்பாலும் இத்தகைய மடலொன்றின் வழியாகவே. ஆதலின், மாணவச் செல்வங்காள், இரட்டை என்று கண்டதை அழிக்குமுன் இரண்டையும் ஒப்புநோக்குமின். அடையாளம் ஒன்றாயிருத்தல் உள்ளடக்கம் ஒன்றென்பதற்குச் சான்றாகாது. ஏடு காத்தோர் வழிநின்று மடலுங் காப்போமாக.